ஆகஸ்ட் 10-க்கு முன்: கள்ளக்குறிச்சித் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பங்குத்தந்தையர்களுக்கும், லுத்தரன் சபை ஆயர்களுக்கும், பெந்தெகொஸ்தே போதகர்களுக்கும், பங்குப் பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும்,

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் வழக்கம்போல் பாக்கெட் சாராயம் விற்றது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. மூட்டை தூக்குகிறவர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களும் கூலி வாங்கிய கையோடு வந்து குடித்தார்கள். இரவுக்குள் வாந்தி, வயிற்றெரிச்சல், கண் மங்கல். மறுநாள் சாவு விழத் தொடங்கியது. முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் அங்கேயும் அதே சாராயத்தைக் குடித்ததாக அந்த நாட்களிலேயே செய்தி வந்தது.

அன்றைய மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது, இவை கள்ளச்சாராயச் சாவுகள் அல்ல என்று. வேறு உடல்நலக் காரணங்கள் சொல்லப்பட்டன. சில மணி நேரத்தில் அந்தப் பேச்சு பொய்த்துப்போனது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. ஜூன் 20 அன்று கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதைகள் எரிந்தன. இறந்தவர்களின் எண்ணிக்கை அறுபத்தைந்தைத் தாண்டியது. பெண்களும் அதில் இருந்தார்கள். அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-க்கு மாற்றியது. டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்தச் சில மணி நேரம் ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தச் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் உடனே கொல்வதில்லை. குடித்ததும் சாதாரண போதை மாதிரியே இருக்கும். தூங்கி எழுந்தால் தலைவலி, குமட்டல். குடிக்கிறவர்களுக்கு அது புதிதில்லை. உள்ளே ஈரல் அதை உடைத்து முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றிக்கொண்டிருக்கும். விஷம் என்று உடம்பு காட்டிக்கொடுக்கப் பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு ஒரு முழு நாள்கூட ஆகும். பார்வை நரம்பு கருகத் தொடங்கும்போதுதான் ஆள் கலங்குவார். அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் பலரைக் காப்பாற்றும். ஆகவே அந்த நேரத்தில் கருணாபுரத்துக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தண்டோரா: இது விஷம், குடித்தவர் எல்லாரும் இப்போதே கிளம்புங்கள். அதற்குப் பதிலாக வந்தது ஒரு மறுப்பு. அந்த மறுப்பை நம்பி இன்னும் சிலர் குடித்தார்கள், சிலர் வீட்டிலேயே படுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது.

ஆட்சியரைக் குற்றக்கூண்டில் ஏற்ற நீதிமன்றங்கள் இருக்கின்றன, விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. இந்த மடல் உங்களுக்கு எழுதப்படுகிறது. கருணாபுரத்தில் செத்தவர்கள் எந்தச் சமயம் என்ற கணக்கும் இதற்குத் தேவையில்லை. தெரிந்த உண்மையை, சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விடுவது ஒரு நிர்வாகப் பழக்கம். அந்தப் பழக்கம் ஆட்சியர் அலுவலகத்தில் மட்டும் இல்லை. ஆலய அலுவலகத்திலும் இருக்கிறது, பிரசங்க பீடத்தில் இன்னும் அதிகமாகவே இருக்கிறது.

முதலில் குடியையே எடுத்துக்கொள்ளலாம். சபையில் குடி இல்லை என்று எந்தப் போதகரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல மாட்டார். உபவாசக் கூடுகையில் பெண்கள் எழுதிக் கொடுக்கும் ஜெபக் குறிப்புகளைப் பார்த்தாலே போதும். "கணவர் மனம் திரும்ப", "மகனுடைய இரட்சிப்புக்காக" என்று இருக்கும். குடி என்ற சொல் அந்தச் சீட்டில் இருக்காது. வாசிப்பவருக்கும் தெரியும், எழுதியவருக்கும் தெரியும், பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். ஆனாலும் மைக்கில் அது "ஒரு சகோதரியின் பாரம்" என்றுதான் வரும். திருவிழாவன்று தேர் நிலைக்கு வரும் நேரத்தில் யார் எந்த நிலையில் இருந்தார் என்பது ஊருக்கே தெரியும். மறுவாரப் பிரசங்கத்தில் அது வராது. நன்கொடைப் பட்டியலில் அவர் பெயர் மேலே இருந்தால் கண்டிப்பாக வராது.

டாஸ்மாக் மூலம் 2023-24 நிதியாண்டில் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய் என்று சட்டமன்றத்திலேயே கணக்கு வைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் நம் பங்கு மக்களின் கூலி எவ்வளவு என்று கேட்பதற்குக்கூட நமக்குத் துணிவில்லை. 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில், பள்ளிக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் அருகிலிருந்த மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறியவர் சேலத்துக்காரர், காந்தியவாதி சசிபெருமாள். அன்றே அவர் உயிர் போனது. தெருவுக்குத் தெரு கோவில் மணி கேட்கும் மாவட்டம் அது. கோபுரத்தில் ஏற ஒரு காந்தியவாதி சேலத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

கல்வராயன் மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சியில் எந்தச் சாராயச் சாவு நடந்தாலும் எல்லாக் கையும் மலையை நோக்கியே நீளும். அங்கே ஊறல் போடுகிறார்கள் என்பது பொய்யில்லை; வெல்லமும் மரப்பட்டையும் போட்டு ஓடைக்கரையில் காய்ச்சுவது பல காலமாக நடக்கிறது. 2024-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான லிட்டர் ஊறலைப் போலீசார் கொட்டி அழித்தார்கள், படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. ஆனால் கருணாபுரத்தில் உயிரைப் பறித்தது ஓடைக்கரைப் பானையில் பிறந்த பொருள் இல்லை. ஆலைகளின் உபயோகத்துக்காக விற்கப்படும் மெத்தனால், சமவெளியிலிருந்து, கைமாறிக் கைமாறி வந்தது. ஓராண்டுக்கு முன் 2023 மே மாதத்தில் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். அங்கே பழி போட மலையே இல்லை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு சாலை, பஸ், மருத்துவம், வேலை என்ன நிலையில் இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்துக் கேட்டதும் இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். மலையைப் பழிப்பது எல்லாருக்கும் வசதி. வசதியான உண்மையைப் பிடித்துக்கொண்டு வசதியில்லாததை விட்டுவிடுவதில் அரசும் சபையும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

இனி வேதத்துக்கு வருவோம், அது உங்கள் களம்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் அடுக்கி வைத்த வாக்குத்தத்த அட்டைகளை ஆளுக்கொன்றாக எடுப்பது பல சபைகளில் வழக்கம். பூப் படம், கீழே ஒரு வசனம். அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம்: தேவன் உங்களுக்காக நல்ல எதிர்காலம் வைத்திருக்கிறார் என்ற பொருளில் வருவது. ஸ்டிக்கராக ஆட்டோவின் கண்ணாடியில் இருக்கும், வீட்டு நிலைப்படியின் மேல் இருக்கும். அது ஒரு திறந்த மடலின் வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய மடல். அதற்கு முந்தைய வசனம், 10-ஆவது, எந்த அட்டையிலும் வருவதில்லை. எழுபது ஆண்டு கழித்துத்தான் திரும்பி வருவீர்கள் என்கிறது அது. மடலை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே சாகப் போகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். ஆகவே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று எரேமியா எழுதினார். ஆறுதல் அதற்குப் பிறகு வருகிறது. கசப்பைக் கத்தரித்துவிட்டு ஆறுதலை மட்டும் அச்சடிப்பது அச்சகத்தின் வேலையாக இருக்கலாம், மேய்ப்பனின் வேலையாக இருக்க முடியாது.

இன்னும் ஒரு அதிகாரம் முன்னால் போனால் அனனியா நிற்கிறார். அவரும் தீர்க்கதரிசிதான், அவரும் ஆண்டவர் பெயரால்தான் பேசுகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எரேமியா அடையாளமாகக் கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைக் கூட்டத்தின் முன்னால் எடுத்து உடைக்கிறார். கைதட்டல் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது நடந்தால் தனக்கும் மகிழ்ச்சிதான் என்று எரேமியா வாய்விட்டே சொல்கிறார். ஆனால் நடக்கப்போவது அது இல்லை என்பதையும் சொல்கிறார். மர நுகத்தின் இடத்தில் இரும்பு நுகம் வருகிறது. அனனியா அந்த ஆண்டே இறந்துபோகிறார். இன்றைக்கு நம் கன்வென்ஷன் மேடைகளில் அனனியாவுக்குத்தான் தேதி கிடைப்பதில்லை, அவ்வளவு அழைப்புகள்.

இனி இந்த மாவட்டத்தின் சொந்தக் கதை. உளுந்தூர்பேட்டையை அடுத்த எறையூர். 2008-இல் அது விழுப்புரம் மாவட்டம். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு கள்ளக்குறிச்சிக் கணக்கில் வந்துவிட்டது. பழமையான ஜெபமாலை அன்னை ஆலயம் அங்கே இருக்கிறது. ஊரில் வன்னியக் கிறிஸ்தவர்கள் அதிகம், தலித் கிறிஸ்தவர்கள் குறைவு. ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை. உட்கார தனி இடம், சவ ஊர்வலத்துக்குத் தனி வழி, தனி வண்டி. தலித் மக்கள் பல ஆண்டு முறையிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் தாங்களே கட்டிக்கொண்ட கோவிலைத் தனிப் பங்காக அங்கீகரிக்கக் கேட்டார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. இரண்டு பேர் செத்தார்கள், இருவரும் ஆதிக்கத் தரப்பைச் சேர்ந்தவர்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அந்த ஆண்டு அந்த ஞாயிறுக்கான நற்செய்தி, கல்லறையிலிருந்து லாசர் எழுந்து வந்த பகுதி. உலகம் முழுக்கக் கத்தோலிக்க ஆலயங்களில் கல்லறையைத் திறக்கச் சொல்லும் வாசகம் ஒலித்த நாளில், எந்தச் சவம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்ற பழைய சண்டையில் எறையூர் எரிந்தது.

திடீரென்று மூண்ட கலவரம் என்று அன்று சிலர் சொன்னார்கள். எறையூரில் எதுவும் திடீரென்று நடக்கவில்லை. அந்தப் பங்குக்கு வந்துபோன ஒவ்வொரு குருவானவருக்கும் அந்த வழக்கம் தெரியும். அதை மாற்றப் போராடிய குருக்களும் கன்னியரும் இருந்தார்கள் என்பதை மறுக்கக் கூடாது. அதைவிட அதிகம் பேர், நமக்கு எதற்கு வம்பு, மூன்று வருடத்தில் மாற்றல் வந்துவிடும் என்று நாட்களைத் தள்ளினார்கள். செத்த இருவரும் உண்மை சொல்லப்படாததன் பலியே. இருக்கையில் சமத்துவம் வேண்டும் என்று முன்பே அவர்களிடம் உறுதியாகச் சொல்லி, அதற்கான கோபத்தைத் தாங்கிக்கொண்டிருந்தால், அந்தக் கோபம் ஒரு பங்குத்தந்தையின் மாற்றலோடு முடிந்திருக்கும். துப்பாக்கி வரை போயிருக்காது.

பழைய சரித்திரமும் இதைத்தான் காட்டுகிறது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு கூடம் என்று இரண்டு கூடங்கள் ஒரே பீடத்தில் சேரும்படி ஒரு கோவிலே கட்டினார்கள். கால்சட்டை மாதிரி இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. 1910-இல் இடைச்சுவரை எடுத்தார்கள். சண்டை, வழக்கு, உயர் நீதிமன்றம். சாதிவேலி கேட்டவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. அதற்கும் முன்னால் 1833-இல் கல்கத்தா ஆங்கிலிகன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வழக்கம் இனிக் கூடாது என்று தென்னிந்திய சபைகளுக்குச் சுற்றறிக்கை எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்கூட்டம் வெளியேறியது. உண்மையைச் சொன்னால் ஆள் போகும். வில்சனுக்கும் அது தெரிந்தே இருந்தது.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளைத் தனியாக்கிய சுவரைப் பற்றி ஊரே பேசியாயிற்று. கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் தலித் கத்தோலிக்கரிடம் திருவிழா வரி வாங்குவதில்லை, தேர் அவர்கள் தெருவுக்கு வருவதில்லை என்ற முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. வரி வாங்காததுகூட ஒரு தண்டனை என்பது வெளியூர்க்காரருக்குப் புரியாது. நம் ஊரில் வரி கொடுத்தவனுக்குத்தான் திருவிழாவில் உரிமை.

இதையெல்லாம் மேலிடம் சொல்லாமல் விட்டது என்றும் குறை கூற முடியாது. 2003 நவம்பர் 17 அன்று தமிழக ஆயர்களை ரோமில் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதி பார்க்கும் வழக்கம் ஆன்மிகத்துக்கும் நற்செய்திப் பணிக்கும் தடை என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. இந்தியாவின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடி பேர் தலித்துகள், தலைமையில் அவர்கள் மிகக் குறைவு, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று ஒப்புக்கொண்ட ஆவணம் அது. 2022 ஆகஸ்டில் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் அவர். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. அந்தக் கொள்கை ஆவணத்தை உங்கள் பங்கில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? தமிழில் வாசித்துக் காட்டிய பங்குகள் எத்தனை?

சொல்ல வந்த விஷயத்தின் நடு இதுதான். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெற்ற ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவர் கையை விட்டுப் போகிறது. இது அநீதி. இதற்காக ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ஆம் தேதியும் கருப்பு நாள் கடைப்பிடிக்கிறீர்கள், கருப்புக்கொடி ஏற்றுகிறீர்கள், ஊர்வலம் போகிறீர்கள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அமைத்த நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின் முன் இந்தக் கோரிக்கையே வைக்கப்பட்டது. அங்கே திருச்சபையின் வாதம் என்ன? மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறவில்லை, கிறிஸ்தவத்துக்குள்ளும் தலித்துகள் ஒதுக்கப்படுகிறார்கள் என்பது. உண்மையான வாதம்.

ஆகஸ்ட் 10 முடிந்து அடுத்த ஞாயிறு வருகிறது. அதே வாய் பீடத்தில் நின்று, கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை, நம் பங்கு ஒரே குடும்பம் என்கிறது. டெல்லியில் இருக்கிறது என்று சத்தியம் செய்த ஒன்று, ஊரில் இல்லாமல் போய்விடுகிறது. அரசிடம் இட ஒதுக்கீடு கேட்க அந்த உண்மை வேண்டும்; தேர் போகும் தெருவை மாற்ற அதே உண்மை வேண்டாம். இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தலித் பையன் முட்டாள் இல்லை.

அந்தப் பையனின் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தால் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று ஞானஸ்நானச் சான்றிதழ். அதில் அந்தோணி என்றோ சாமுவேல் என்றோ ஒரு பெயர். இன்னொன்று தாலுகா ஆபீசில் வாங்கிய சாதிச் சான்றிதழ். அதில் வேறு ஒரு பெயர், மதம் என்ற இடத்தில் இந்து. பள்ளியில் ஒரு பெயர், கோவிலில் ஒரு பெயர். ஸ்காலர்ஷிப்புக்கு ஒன்று, கல்யாண ஓலைக்கு ஒன்று. எல்லாப் பங்குத்தந்தைக்கும் எல்லாப் போதகருக்கும் இது தெரியும். பலர் பிள்ளையின் படிப்பை நினைத்துக் கண்டுகொள்ளாமல் இருக்கிறார்கள், அந்த இரக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அந்தக் குடும்பங்களிடம் யாராவது சொன்னார்களா? கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு, இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்று கூறி, அவருடைய மேல்முறையீட்டை நீதிமன்றம் தள்ளிவிட்டது. வேலையில் சேர்ந்து பல வருடம் கழித்து ஒருவர் மனுப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பெட்டியில் இரண்டு காகிதம் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வக்கீலை அழைத்து ஞாயிறு பூசைக்குப் பிறகு அரை மணி நேரம் பேசச் சொல்ல முடியாதா? கருணாபுரத்தில் அடிக்கப்படாத தண்டோராவும் இப்படிப்பட்டதே.

உங்கள் பதில் தெரியாதது இல்லை. ஆலயங்களின் மீது கல் விழும் காலம் இது. ஜெபக்கூட்டத்துக்கு அனுமதி வாங்க வேண்டிய காலம். இந்த நேரத்தில் நம் அழுக்கை நாமே வெளியில் போட்டால் எதிரி கையில் ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகும் என்பீர்கள். பயம் நியாயமானது. வடமாநிலங்களில் போதகர்கள் மீது வழக்கு போடப்படுவதை மறந்துவிட்டு யாரும் இதைப் பேசக் கூடாது. ஆனால் ஆயுதம் ஏற்கெனவே எதிரியின் கையில் இருக்கிறது. எறையூரின் படங்கள் நாடு முழுக்கப் போயின. உச்ச நீதிமன்ற ஆவணங்களில் கோட்டப்பாளையம் இருக்கிறது. மூடி வைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. மூடி வைப்பதால் கிடைப்பது, பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாவது அடி மட்டுமே.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால், அதிலும் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். 1946-இல் சென்னையில் பிறந்து, கனடா வழியாக அமெரிக்கா போய், கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடுவதில் உலகப் புகழ் பெற்றவர் ரவி சக்கரியாஸ். நம் ஊர் வாலிபர் கூட்டங்களிலும் அவர் பேச்சு ஓடாத இடமில்லை. 2017-இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் அவர் மீது புகார் சொன்னபோது, அவர் நடத்திய அமைப்பு அவர் பக்கமே நின்றது. அந்தப் பெண்தான் பணம் பறிக்க வந்தவர் என்று தூற்றப்பட்டார். 2020 மே மாதம் சக்கரியாஸ் இறந்தார், புகழஞ்சலிகள் குவிந்தன. பிறகு வேறு பெண்களும் பேசத் தொடங்கியதால் அமைப்பே ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்தது. 2021 பிப்ரவரியில் வந்த அறிக்கை, மசாஜ் நிலையப் பெண்கள் பலரிடம் அவர் பல ஆண்டுகளாகப் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதை உறுதி செய்தது. நிர்வாகக் குழு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது, அமைப்பு கலைந்தது. 2017-லேயே கேட்டிருந்தால்? ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று அன்று காப்பாற்றப்பட்ட அந்த நான்கு ஆண்டின் செலவை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால் போதும்.

குடியை விட்டவர்களின் சங்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் நம் ஆலய வளாகத்து அறைகளிலேயே நடக்கின்றன. அங்கே எழுந்து நிற்கிறவர் முதலில் தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்கிறார். ஆறுதல் வார்த்தை, கைதட்டல், சாட்சி எல்லாம் அதற்குப் பிறகு. பக்கத்துக் கட்டிடத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டி வைத்திருக்கும் சபை, அந்த அறையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பணக்காரனுக்கு நல்ல நாற்காலியும் ஏழைக்குக் கால்மாட்டுத் தரையும் கொடுக்கும் சபையைத் திட்டுகிறார். எந்த மழுப்பலும் அதில் இல்லை. எறையூருக்கு எழுதிய மாதிரியே இருக்கும். அந்த அதிகாரத்தை வைத்து ஒரு பிரசங்கம், சொந்த ஊரின் பெயரைச் சொல்லி, சொந்தக் கோவிலின் இருக்கைகளைக் காட்டி, எப்போது கடைசியாகக் கேட்டோம்?

ஆகவே பெரியவர்களே, வரும் ஆகஸ்ட் 10-க்குக் கருப்புக்கொடி தைக்கக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். உங்கள் பங்கில் திருவிழாத் தேர் எந்தத் தெரு வரை போகிறது, எந்தத் தெருவுக்குப் போவதில்லை. கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம். பங்குப் பேரவையில் தலித் உறுப்பினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர். சவ வண்டி ஒன்றா இரண்டா. கடந்த ஓராண்டில் குடியால் இறந்தவர்களுக்கு நடத்திய அடக்க ஆராதனைகள் எத்தனை. உங்கள் பதிவேட்டிலேயே எல்லாம் இருக்கிறது, புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. கீழே பங்குத்தந்தையோ போதகரோ கையெழுத்துப் போடட்டும். அதே பட்டியலை ஒன்றிய அரசுக்கும் மறைமாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அதை ஒட்டிய பிறகு கொடி ஏற்றுங்கள். ஊர்வலத்தில் முன்வரிசையில் நடக்க அந்தத் தெருக்காரர்களையே கூப்பிடுங்கள்.